தந்திரக் காட்சிகளும் ஒஸ்கார் நியமனமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



பண்ணிசைப் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் இடையிலே, அமெரிக்க நாட்டுச் சினிமாப் பரிசைப் பற்றிய ஒரு பேச்சு எங்கிருந்து வந்தது என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். தலைப்பைத் தந்தவர்கள் நமது வாலிபர்கள். ஆண்டுதோறும் தை மாதத்திலே ஒஸ்கார் நியமனங்கள் வெளியாகுமுன், தந்திரக் காட்சிப் பிரிவிலே எந்த ஐந்து படங்கள் இடம்பெறும் என்று அவர்கள் தம்முள் வாதிடுவது வழக்கம். ஏனைய பிரிவுகளைவிட இப்பிரிவிலே அவர்களுடைய ஊகங்கள் அதிகமாகத் தவறிப்போகின்றன. அதன் காரணத்தை ஆராய்ந்து சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஆராயப் புகுந்தபின் விஷயம் நாம் நினைத்ததைவிட ஆழமானது என்று கண்டோம்.

முதலிலே பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இக்காலத்தவர் 'விசுவல் எஃபெக்ட்ஸ்' என்கின்றார்கள். பழைய தமிழ்ப் படங்களின் தொடக்கத்திலே பெயர்கள் ஓடும்போது 'தந்திரக் காட்சி' என்று ஒரு வரி வரும். நாம் அப்பெயரையே ஆளுவோம். பொருள் விளங்குவதற்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. இந்திரசித்து மாயாசீதை ஒருத்தியை உண்டாக்கி, அனுமன் கண்முன்னே அவளை வெட்டி வீழ்த்தினான் அல்லவா? அனுமன் அதைக் கண்டு 'என்ன அற்புதமான வேலைப்பாடு!' என்று வியந்தானா? இல்லை. நிலத்திலே விழுந்து அழுதான். மயன் அமைத்த சபையிலே துரியோதனன் தரையைத் தண்ணீர் என்றும் தண்ணீரைத் தரை என்றும் மயங்கினான், அவனும் கைதட்டவில்லை. வேலை மிகச் சிறந்திருக்கும்போது வேலை நடந்ததே தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத வேலைக்கு நடுவர் எவ்வாறு பரிசு கொடுப்பார் என்பதே இப்பரிசின் வரலாறு முழுவதும் ஓடிவரும் சிக்கல்.

1929ஆம் ஆண்டு மே மாதம் நடந்த முதலாவது ஒஸ்கார் விழாவிலே 'பொறியியல் விளைவு' என்ற பெயரில் ஒரு பரிசு 'விங்ஸ்' என்னும் ஆகாயப் போர்ப் படத்துக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதை நிறுத்திவிட்டார்கள். ஆகையால் 1933இல் உலகத்தையே வாய்பிளக்க வைத்த 'கிங் கொங்' என்ற படத்துக்குக் கொடுக்க ஒரு பரிசே இருக்கவில்லை. பரிசு ஒழுங்கான பிரிவாகத் திரும்பி வந்தது 1939ஆம் ஆண்டுப் படங்களுக்கு. அவ்வாண்டு நியமனம் பெற்ற ஏழு படங்களுள்ளே 'கோன் வித் த விண்ட்', 'த விஸார்ட் ஒஃப் ஒஸ்' என்ற இரண்டும் இருந்தன. இன்றுள்ள எவரைக் கேட்டாலும் இவ்விரண்டில் ஒன்றுக்குத்தான் பரிசு கிடைத்திருக்கும் என்பார். 'ஒஸ்' படத்திலே வரும் சூறாவளி, 35 அடி நீளமான மஸ்லின் துணிக் குழாய் ஒன்றைச் சுழற்றி எடுத்தது என்று இன்று சொன்னாலும் நம்புதல் அரிது. ஆனால் பரிசு போனது 'த ரெயின்ஸ் கேம்' என்ற படத்துக்கு. இந்தியாவிலே கற்பனையான ஒரு சமஸ்தானத்தில் பூகம்பமும் வெள்ளமும் வரும் கதை அது. அடுத்த ஆண்டு 'த தீஃப் ஒஃப் பக்தாத்' வென்றது. பறக்கும் கம்பளமும் பூதமும் அதிலே உண்டு. மைசூர்ப் பகுதியில் யானைப்பாகன் மகனாகப் பிறந்த சாபு என்ற பையன் அதில் நடித்தான். நடிகனை நீலத் திரையின் முன் நிறுத்திப் படம்பிடித்துப் பின்னர் வேறு காட்சியோடு ஒட்டும் முறை அப்படத்தின் மூலமே பேர் பெற்றது. இன்றைக்கும் அம்முறையின் பேரப்பிள்ளைகளே ஸ்ரூடியோக்களில் வேலை செய்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்னும் படத்துக்குக் கித்துல்கலையிலே களனி கங்கைமேல் மெய்யான பாலம் ஒன்று கட்டி, மெய்யான புகைவண்டியை ஓட்டி, மெய்யாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்படம் ஏழு ஒஸ்கார்களை வென்றது. தந்திரக் காட்சிப் பிரிவிலோ அதற்கு நியமனமே இல்லை! அவ்வாண்டு நியமனம் பெற்றவை இரண்டே படங்கள். வென்றது 'த எனிமி பிலோ' என்ற நீர்மூழ்கிக் கப்பற் படம். அதிலும் வேடிக்கை, அப்பரிசு அதன் ஒலிக்காகக் கொடுக்கப்பட்டது. அக்காலத்திலே ஒலி விளைவையும் காட்சி விளைவையும் ஒரே பரிசாக வைத்திருந்தார்கள். 1963இல்தான் இரண்டையும் பிரித்தார்கள். மெய்யான பாலத்தை மெய்யாக உடைப்பது துணிவு. ஆனால் அது தந்திரமன்று என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் இன்றைக்கும் ஓயவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

இலங்கையோடு மிக நெருங்கிய ஆண்டு 1984. அவ்வாண்டு நியமனம் பெற்ற படங்கள் மூன்று. ஒன்று 'கோஸ்ட்பஸ்ரர்ஸ்'. இரண்டாவது '2010', அதன் கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1950களிலிருந்து நம் நாட்டிலே குடியிருந்தவர். மூன்றாவது 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த ரெம்பிள் ஒஃப் டூம்'. இது கண்டிப் பகுதியிலே படமாக்கப்பட்டது. கயிற்றுப் பாலம் அறுந்து விழும் காட்சிக்கு, அப்போது விக்ரோறியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்கள் உதவினார்கள். பரிசு இதற்கே கிடைத்தது. சுரங்கத்திலே தள்ளுவண்டிகள் ஒன்றையொன்று துரத்தும் காட்சியின் பெரும்பகுதி சிறிய மாதிரிச் சுரங்கத்திலே, சாதாரண நிழற்படக் கமராவொன்றைத் திருத்தி எடுக்கப்பட்டது. கைவேலை என்றால் அதுதான் கைவேலை.

இவ்விடத்திலே ஒன்று சொல்லாமல் போக நம் மனம் இடந்தரவில்லை. அப்படம் இலங்கைக்கு வந்ததே, இந்திய அரசாங்கம் அதன் கதையைக் கண்டு ஆட்சேபித்ததனால்தான். காளி வழிபாட்டை நரபலியும் இருதயம் பறித்தலுமாக அது காட்டிய விதம் எந்த இந்துவுக்கும் அருவருப்பையே தரும். நம் நாட்டு மலையும் ஆறும் அதற்குப் பின்னணியாக நின்றன. தந்திரத்தைத் தீர்ப்பவர் கதையின் நெறியைத் தீர்ப்பதில்லை. அது அவர்கள் வரையறை. நாம் படம் பார்க்கும்போது அந்த வரையறை நம்மைக் கட்டாது.

இப்பரிசை எவர் தீர்மானிக்கின்றார்கள்? ஊகிப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தேர்தலிலே நியமனப் பத்திரம் கொடுப்பவர் வேறு, வாக்களிப்பவர் வேறு அல்லவா? இங்கும் அவ்வாறே. அக்கடமியிலே தந்திரக் காட்சித் தொழிலாளருக்கென்று ஒரு பிரிவுண்டு. அப்பிரிவின் குழுவினர் ஆண்டின் படங்களைச் சலித்து, மார்கழி மாதத்திலே பத்துப் படங்களின் பட்டியலை வெளியிடுகின்றார்கள். தை மாதத்திலே 'பேக் ஓஃப்' என்று ஒரு கூட்டம் நடக்கும். பலகாரப் போட்டி என்று நாம் சொல்லலாம். பத்துப் படங்களின் பொறுப்பாளரும் ஒவ்வொருவராக எழுந்து, தம் வேலையைச் சுருக்கமாக விளக்கி, படத்திலிருந்து ஏறக்குறையப் பத்து நிமிட அளவுக்குக் காட்சிகளைத் திரையிடுவர். சபையிலிருந்து கேள்விகள் வரும். கேட்பவர்கள் அதே தொழிலிலே முடி நரைத்தவர்கள். பின்னர் பிரிவின் உறுப்பினர் வாக்களித்து ஐந்து படங்களைத் தெரிவர். 2010ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் ஐந்து. அதற்கு முன் பல ஆண்டுகளாக மூன்றாகவே இருந்தது. இந்த ஐந்தினுள் ஒன்றைத் தெரியும்போது மாத்திரம் அக்கடமி முழுவதும் வாக்களிக்கும். நடிகர், எழுத்தாளர், தையற்காரர், வாத்தியக்காரர் எல்லோரும் அதிலே அடங்குவர்.

ஆகையால் நியமனத்தை ஊகிப்பவர் 'இவ்வாண்டு எந்தப் படம் பெரிதாகத் தெரிந்தது?' என்று தம்மைத் தாமே கேட்பது வீண். 'ஒரு தச்சன் இன்னொரு தச்சனுடைய நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் எதைப் பார்ப்பான்?' என்று கேட்கவேண்டும். அவன் மேற்பூச்சைப் பார்ப்பதில்லை. மூட்டைப் பார்ப்பான்.

வசூலை நம்பியவர்கள் எத்தனை முறை ஏமாந்தார்கள் என்பதற்குச் சில சான்றுகள். 2018இல் 'பிளாக் பந்தர்' உலகமெங்கும் பெருவெற்றி பெற்றது; ஒஸ்காரில் ஏழு நியமனங்களைப் பெற்று மூன்றை வென்றது. தந்திரக் காட்சிப் பத்துப் பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது. ஐந்திலே இல்லை. அதன் இறுதிச் சண்டைக் காட்சியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. இரண்டு பொம்மைகள் பாரமில்லாமல் உருளுவதுபோல இருந்தது. அந்த இடத்தைக் கரடிப் பொம்மையும் பன்றிக்குட்டிப் பொம்மையும் நடந்து திரியும் 'கிறிஸ்தோபர் ரொபின்' போன்ற அமைதியான படம் பிடித்தது. 2017இல் 'டன்கேர்க்' பத்திலே இருந்து ஐந்திலே விழுந்தது. பெருங்குரங்குப் படமான 'கொங்: ஸ்கல் ஐலண்ட்' உள்ளே போனது. 2023இல் 'ஒப்பன்ஹைமர்' 13 நியமனங்களைப் பெற்று ஏழு பரிசுகளைக் கொண்டுபோனது. இப்பிரிவின் பத்திலேகூட அது இல்லை. மறுபுறத்திலே, 2013இல் பெருநட்டம் அடைந்த 'த லோன் ரேஞ்சர்' நியமனம் பெற்றது. 2024இல் ஒரு பாடகனின் வாழ்க்கைக் கதையிலே அப்பாடகனை மாத்திரம் சிம்பன்சிக் குரங்காகக் காட்டிய 'பெற்றர் மான்' என்ற படத்தைப் படமாளிகைகளிலே பார்த்தவர் மிகக் குறைவு. அதுவும் நியமனம் பெற்றது. குரங்கு ஒன்று பாடி, ஆடி, அழுது, மதுவருந்துவதைப் பார்த்த தொழிலாளருக்கு அந்த மூட்டின் இறுக்கம் தெரிந்திருக்கிறது.

குரங்கைப் பற்றிப் பேசுகையிலே ஒரு வேடிக்கை. 1968இல் 'பிளானற் ஒஃப் த ஏப்ஸ்' படத்தின் ஒப்பனைக்கு விசேஷப் பரிசு ஒன்று கொடுத்தார்கள். அதே ஆண்டு வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யிலும் ஆதிமனிதக் குரங்குகள் உண்டு, அவற்றின் ஒப்பனைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நடுவர்கள் அவற்றை மெய்யான குரங்குகள் என்றே எண்ணிவிட்டார்களோ என்று நம் கிளார்க் கேலியாகச் சொன்னதுண்டு. கேலியென்றாலும் மாயாசீதையின் சிக்கல் அதிலே இருக்கின்றது. அப்படத்தின் தந்திரக் காட்சிக்காக இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக் பரிசு பெற்றார். அத்தனை பெரிய இயக்குநருக்கு வாழ்நாளிலே கிடைத்த ஒஸ்கார் அது ஒன்றுதான். இக்காலத்துக் குரங்குப் படங்களோ 2011, 2014, 2017, 2024 என்று நான்கு முறை நியமனம் பெற்று ஒரு முறையேனும் வெல்லவில்லை. தொழிலாளர் கொண்டாடுகின்றார்கள்; பொதுச்சபை வேறு பக்கம் திரும்பிக்கொள்கின்றது. மார்வெல் ஸ்ரூடியோ தானே தயாரித்த வீரர் படங்களும் 2008இலிருந்து பத்துக்கு மேற்பட்ட நியமனங்களைப் பெற்றும், 2024ஆம் ஆண்டுப் படங்கள் வரை இப்பரிசை ஒருதரமும் தொடவில்லை.

பொதுச்சபையின் மனத்தை அறிவது எளிது. அவர்கள் தாம் மதிக்கும் படத்துக்கே இப்பரிசையும் கொடுப்பார்கள். ஐந்தினுள்ளே 'சிறந்த படம்' என்ற பெரும்பரிசுக்கும் நியமனம் பெற்ற படம் ஒன்று இருந்தால் அதுவே வெல்லும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். 'இன்செப்ஷன்', 'ஹியூகோ', 'லைஃப் ஒஃப் பை', 'கிராவிற்றி', '1917', 'டூன்' இரண்டு பாகங்கள், 'அவதார்' முதலிரண்டு பாகங்கள் எல்லாம் அவ்வாறு வென்றவை. இவ்விதி 1970இலே ஒருமுறை முறிந்தது. பெரும்பரிசையே வென்ற 'பற்றன்' இப்பிரிவிலே 'தோரா! தோரா! தோரா!'விடம் தோற்றது. பின்னர் முறிந்தது 2015ஆம் ஆண்டுப் படங்களில். 'மாட் மக்ஸ்', 'த மார்ஷியன்', 'த ரெவனன்ற்' என்று பெரும்பரிசுப் பட்டியலில் இருந்த மூன்று படங்களையும் 'ஸ்ரார் வோர்ஸ்' படத்தையும் தள்ளிவிட்டு, ஏறக்குறைய 15 மில்லியன் டொலரிலே எடுத்த 'எக்ஸ் மஷினா' வென்றது. ஒரு பெண்ணின் முகமும் கைகளும் மாத்திரம் மனிதம். உடலின் மற்றப் பகுதி ஊடுருவித் தெரியும் இயந்திரம். அவ்வளவுதான் தந்திரம். வெடி இல்லை, வீழும் நகரம் இல்லை. அவள் தலையைச் சாய்க்கும்போது கழுத்துக்குள்ளே சக்கரம் அசைவதைப் பார்த்துவிட்டு அவளுக்காக இரங்குகின்றோம். மூன்று பெரும்படங்களும் வாக்குகளைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டன என்று சிலர் சொல்லுவர். நமக்கு அது முழு விளக்கமாகத் தோன்றவில்லை.

தொழிலாளரும் சில வேளைகளிலே புதுமையைக் கண்டு மிரண்டதுண்டு. 1982இல் 'ட்ரோன்' என்ற படம் கணனியால் வரைந்த காட்சிகளை முதன்முதல் நீளமாகக் காட்டியது. அதற்கு இப்பிரிவிலே நியமனம் இல்லை. கணனியைக் கொண்டு செய்வது ஏமாற்று என்று அன்று கருதினார்கள் என அதன் இயக்குநர் பின்னர் கூறினார். அவ்வாண்டின் மூன்று இடங்களும் 'ஈ.ரி.', 'பிளேட் ரன்னர்', 'போல்ரர்கைஸ்ட்' என்ற படங்களுக்குப் போயின. அவை தகுதியற்றவை என்று எவரும் சொல்லார். ஆனால் 'ட்ரோன்' படத்திலே வேலை செய்த கென் பெர்லின் என்பவர், கணனிப் படங்களின் வழவழப்பு இயற்கையாக இல்லையே என்று மனம் நொந்து, மேகம், கல், மரம் முதலியவற்றின் ஒழுங்கற்ற தன்மையைக் கணிதத்தாலே உண்டாக்கும் முறையொன்றைக் கண்டுபிடித்தார். 1997இல் அதற்காக அக்கடமி அவருக்குத் தொழில்நுட்பப் பரிசு கொடுத்தது. அதற்கு முன்னரே 1991இல் 'ரெர்மினேற்றர் 2', 1993இல் 'ஜுராசிக் பார்க்' என்று கணனி அரியணை ஏறிவிட்டது.

இப்போது காற்று மறுபக்கம் அடிக்கின்றது. 'எங்கள் படத்திலே கணனி வேலை இல்லை, எல்லாம் மெய்' என்று விளம்பரம் செய்வது நாகரிகமாகிவிட்டது. கித்துல்கலைப் பாலத்தை உடைத்தவர்களுக்கு அவ்வாறு சொல்லும் உரிமை உண்டு. இன்றைக்கு அதைச் சொல்லுவோர் அநேகருக்கு இல்லை. 'ரொப் கண்: மாவரிக்' என்ற விமானப் படத்திலே நடிகர் மெய்யாகவே விமானத்தில் ஏறிப் பறந்தனர், அதனை உலகமெங்கும் பறைசாற்றினார்கள். அதே படத்திலே 2,400 தந்திரக் காட்சிகள் உண்டு. நான்கு விமானங்கள் பறக்கும்போது அவற்றுள் மூன்று கணனியில் வரைந்தவையாக இருக்கலாம். விளம்பரக்காரர் மறைத்தாலும் தொழிலாளருக்குத் தெரியும். ஆகையால் அப்படத்துக்கு நியமனம் கிடைத்தது. மாறாக 'ரெனெற்' என்ற படம் 300க்கும் குறைந்த தந்திரக் காட்சிகளுடனே 2020ஆம் ஆண்டுப் பரிசை வென்றது. எண்ணிக்கையை நம்பி ஊகிப்பவரும் வசூலை நம்பி ஊகிப்பவரைப் போலவே ஏமாறுவர்.

நாம் மிகவும் மகிழ்ந்து சொல்ல விரும்பும் கதை யப்பான் தேசத்தது. 'கொட்ஸில்லா மைனஸ் வண்' 2023இல் வெளிவந்தது. அதன் இயக்குநர் தகாஷி யமசாக்கி. தந்திரக் காட்சிகளின் பொறுப்பாளரும் அவரே. 35 பேர் கொண்ட குழு, 610 காட்சிகள், 15 மில்லியன் டொலருக்கும் குறைந்த செலவு. அமெரிக்கப் படங்களிலே சில நிமிடக் காட்சிகளுக்கே இத்தொகை போய்விடும். ஹொலிவூட்டிலே இயக்குநர் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் அது பல அதிகாரிகளைக் கடந்து, பல கொம்பனிகளைக் கடந்து, கடல் கடந்து வேலை செய்பவனிடம் வந்து சேரும். யமசாக்கி அதே அறையிலே இருந்தார், எழுந்துபோய்ச் சொன்னார். கடலைக் கணனியிலே உண்டாக்கியவர்களுள் ஒருவர் 25 வயது வாலிபர். அவர் தாமாகவே நீரின் அசைவைப் பயின்று செய்து காட்டியதைக் கண்டபின்தான் இயக்குநர் கடற்காட்சிகளை அதிகப்படுத்தினார். பத்துப் பட்டியலிலே அப்படத்தின் பெயர் வந்தபோது அநேகர் 'மரியாதைக்குச் சேர்த்திருக்கிறார்கள்' என்றனர். நியமனமும் வந்தது. 2024 மார்ச்சிலே பரிசும் வந்தது. யப்பானியப் படம் இப்பரிசை வென்றது அதுவே முதல்முறை. குப்ரிக்குக்குப் பின் இயக்குநர் ஒருவர் தம் பெயரிலே இப்பரிசைப் பெற்றதும் அப்போதுதான்.

இதைக் கேட்டபின் பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்ட கேள்வியை இங்கே எடுத்துரைப்பது தகும். நம் சங்கத்துப் பிள்ளைகள் இருவர் உயர்தர வகுப்பை முடித்துக்கொண்டு இத்தொழிலையே பயில விரும்புகின்றார்கள். 'இது ஒரு தொழிலா? இதிலே சோறு உண்டா? வாத்தியார் வேலை, கணக்கர் வேலை என்றால் எங்களுக்கு விளங்கும்' என்கின்றனர் வீட்டார். பரிசின் பிரகாசத்தை மாத்திரம் காட்டி அவர்களுக்கு விடைசொல்வது நேர்மையாகாது. ஆகையால் 'லைஃப் ஒஃப் பை' கதையையும் சொல்லுவோம்.

பாண்டிச்சேரிச் சிறுவன் ஒருவனும் வேங்கைப் புலி ஒன்றும் ஒரே படகிலே கடலில் அலைந்த கதை அது. படம் ஒரு தமிழ்த் தாலாட்டோடு தொடங்குகின்றது. அதனைப் பாடிய பம்பாய் ஜெயஸ்ரீக்குப் பாடற் பிரிவிலே நியமனம் கிடைத்தது. புலி திரையிலே வரும் காட்சிகளுள் மிகப் பெரும்பாலானவை கணனியிலே உரோமம் உரோமமாக உண்டாக்கியவை. அதனைச் செய்தது 'ரிதம் அன்ட் ஹியூஸ்' என்ற ஸ்தாபனம். அமெரிக்காவிலே மாத்திரமன்றி மும்பாயிலும் ஹைதராபாத்திலும் அதன் கிளைகள் இருந்தன. ஏற்கனவே இரண்டு படங்களுக்காக இப்பரிசு பெற்ற ஸ்தாபனம் அது. 2013 பெப்ரவரி 24ஆம் திகதி 'லைஃப் ஒஃப் பை' ஒஸ்கார் பெற்றது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே அந்த ஸ்தாபனம் கடனைக் கட்டமுடியாமல் நீதிமன்றத்திலே முறிவு மனுக் கொடுத்துவிட்டது! படமோ உலகமெங்கும் 600 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது.

இது எவ்வாறு நேர்ந்தது? தந்திரக் காட்சிக் கொம்பனி முழு வேலைக்கும் ஒரு தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுகின்றது. வேலை நடக்கும்போது இயக்குநர் 'புலி இப்பக்கம் திரும்பட்டும், கடல் சற்று இருளட்டும்' என்று இருபது முறை மாற்றுவார். அதற்கான செலவைக் கொம்பனியே சுமக்கும். படம் ஓடினால் இலாபத்திலே பங்கு இல்லை. அதனோடு, இந்நாடு வரிச்சலுகை தருகிறது, அந்நாடு மானியம் தருகிறது என்று வேலை ஊர் ஊராக ஓடும். தொழிலாளரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலே ஓடவேண்டும். விழா நடந்த அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர் வெளியே வீதியிலே பதாகையுடன் நின்றார்கள். உள்ளே பரிசு வாங்கிய பில் வெஸ்ரென்ஹோஃபர் தம் கொம்பனியின் நிலையைச் சொல்லத் தொடங்கியதும், நேரம் கடந்துவிட்டதென்று சுறாமீன் படத்தின் இசையை எழுப்பி அவர் குரலை அடக்கினார்கள். ஒரு படத்துக்கு நான்கு பேருக்கு மேல் இப்பரிசு கொடுப்பதில்லை. உரோமத்தைச் சீவியவர்கள் எத்தனை நூறு பேர்!

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2025 பெப்ரவரியிலே டெக்னிக்கலர் என்ற பழம்பெரும் குழுமமும் சரிந்தது. 'த ஜங்கிள் புக்', '1917' என்ற படங்களின் பரிசுவேலையைச் செய்த எம்.பி.சி. என்ற ஸ்தாபனம் அதனுள் அடங்கியது. பெங்களூரிலே வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் அதனால் பாதிக்கப்பட்டனர்.

ஆகையால் வீட்டாருக்கு நாம் சொல்லுவது: இது தொழில்தான். நல்ல தொழில். ஆனால் ஒரு கொம்பனியை நம்பி வாழ்நாளைக் கட்டக்கூடிய தொழிலன்று. பிள்ளை மென்பொருளின் விசைகளை மாத்திரம் படித்தால் ஐந்து ஆண்டுகளிலே அது பழையதாகிவிடும். சித்திரமும், கணிதமும், பௌதிகமும், உடலியக்கமும் படித்தால் அது எங்கும் விலைபோகும். கென் பெர்லின் செய்தது கணிதம். தூத்துக்குடியைச் சேர்ந்த கொட்டலங்கோ லியோன் என்ற தமிழர் 2016இல் அக்கடமியின் தொழில்நுட்பப் பரிசு பெற்றார். அவர் செய்தது, கலைஞர் தம் காட்சிகளைப் போட்டுப் பார்த்துத் திருத்துவதற்கான கணனிக் கருவி ஒன்று. திரையிலே அது எங்கும் தெரியாது.

எதிர்வரும் மார்கழியிலே பத்துப் பட்டியல் வரும். அதற்கு முன் வாலிபர்கள் ஒன்று செய்யலாம். படத்தைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து எந்தப் பத்து நிமிடத்தை நீங்கள் கூட்டத்திலே காட்டுவீர்கள் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சில பெரிய படங்களிலே அப்பத்து நிமிடம் தேறாது. எல்லாம் ஏற்கனவே கண்ட இடிபாடும் மின்னலுமாக இருக்கும். சில சிறிய படங்களிலே ஒரு முகம் போதும். உயிருள்ள முகம், நீர், உரோமம், அறிந்த விலங்கு, முன்பு எவரும் செய்யாத முறை: இவை உள்ள படத்தைத் தள்ளிவிடாதீர்கள். அதே கதையின் நான்காம் ஐந்தாம் பாகத்தைக் கண்டால் முன்னையதைவிட அதிலே புதிதாக என்ன இருக்கிறதென்று தேடுங்கள். தந்திரக் காட்சிச் சங்கத்தார் 2003 முதல் தனியாகப் பரிசு வழங்கி வருகின்றார்கள். அவர்களுடைய பட்டியலையும் பாருங்கள், ஆனால் அதையே பார்த்தெழுதுவது பரீட்சையிலே பக்கத்துப் பையனைப் பார்த்தெழுதுவது போன்றது. ஐந்தை எழுதியபின் வெல்லப்போவது எது என்று வேறாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே கண்ணாலே பார்க்கவேண்டாம்.

அந்தப் பிள்ளைகள் இருவருள் ஒருவர் இப்போது நீரைப் படிக்கத் தொடங்கியிருக்கின்றாராம். மாலை வேளையிலே கடற்கரையிலே குந்தியிருந்து அலை உடையும் விதத்தைக் கைத்தொலைபேசியிலே பிடித்து, வீட்டிலே ஒவ்வொரு படமாக நிறுத்தி வரைந்து பார்க்கின்றார் என்று கேள்விப்பட்டோம். வீட்டார் அதற்கு முன்னே கவலைப்பட்டார்கள். இப்போது சற்றே வேடிக்கை பார்க்கின்றார்களாம்.

அடுத்து நாடகம் இருக்கின்றது. ஒப்பனையோடு பிள்ளைகள் திரைக்குப் பின்னால் வெகுநேரமாக நிற்கின்றார்கள்.